மணல்வாரியும் மதுரைக் கண் டாக்டரும்

நம் குடியிருப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஆரம்பப் பள்ளி நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு கண்ணில் பால் துளி உறைந்ததுபோல வெள்ளையாக இருந்த பையனோ பெண்ணோ ஒருவராவது உங்களோடு படித்திருப்பார்கள். பூ விழுந்த கண் என்று சொல்லுவோம். என் வகுப்பிலும் ஒருவன் இருந்தான். கரும்பலகையைப் பார்க்கத் தலையை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு உட்காருவான். சிறு வயதில் மணல்வாரி போட்டு இறங்கிய பிறகு கண் இப்படி ஆகிவிட்டது என்று அவன் வீட்டில் சொல்லுவார்கள். அம்மன் எடுத்துக்கொண்டாள் என்பதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

இன்று நம் தெருக்களில் விளையாடும் பிள்ளைகளிடம் அப்படி ஒரு கண்ணை நீங்கள் தேடினாலும் கிடைக்காது. அது தானாக மறையவில்லை. மறையப் பாடுபட்டவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் அங்கேதான் நடந்திருக்கும். ஆனால் அவர் குழந்தைகளுக்காகச் செய்த ஒரு வேலை பலருக்குத் தெரியாது.

நம் ஊரிலிருந்து சங்கரன்கோவில், கோவில்பட்டி தாண்டிக் கிழக்கே போனால் மலை மறைந்து கரிசல் மண் தொடங்கும். அங்கே எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமம். 1918 அக்டோபர் 1 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக வெங்கடசாமி பிறந்தார். அப்போது அதுவும் நம் பகுதியும் ஒரே திருநெல்வேலி ஜில்லா. ஊரில் பள்ளிக்கூடக் கட்டடம் கிடையாது. சிலேட்டு, பேப்பர், பென்சில் எதுவும் கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி விரலால் எழுதிப் படித்தார்கள். காலையில் மாடுகளைக் கவனித்துவிட்டுத்தான் படிப்பு. அவர் சிறுவனாக இருந்தபோது உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவத்தை ஒட்டி அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் இல்லை. பிரசவ டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அதன் பிறகுதான் அவரைக் கடுமையான முடக்குவாதம் பிடித்தது. மாதக்கணக்கில் படுக்கை. நிற்க முடியாது, நடக்க முடியாது, பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது. 1948-இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி கோணலாகி அப்படியே நின்றுவிட்டன. பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு அந்தக் கை உதவாது. கனவை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். தன் கைக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்யவைத்து, கத்தி பிடிக்கவே மறுபடி பழகினார். அந்தக் கோணல் விரல்களால் தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார் என்றால் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவராகவும், எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அப்போது பெயர் கொண்ட அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராகவும் வந்தார். இன்றைய ராஜாஜி மருத்துவமனை அதுதான். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்துக்காரர்களைத் தேடி 1960-களில் கண் முகாம்கள் நடத்தினார். நம் தாத்தா பாட்டிகள் பார்வை தெரியாமல் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகப்பட்ட காலம் அது. முகாமில் கண்புரையை எடுத்ததும் பார்வை திரும்பியது.

இங்கே ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். கண்புரை வந்த கண்ணுக்கு எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் பெரும்பாலும் பார்வையைத் திருப்பித் தர முடியும். உள்ளே இருக்கும் வில்லைதான் மங்கியிருக்கிறது, அதை எடுத்துவிடலாம். அவருடைய வார்டுக்கு வந்த குழந்தைகளின் கதை வேறு. இரண்டு, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். எலும்பும் தோலுமாக, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வருவார்கள். மணல்வாரியோ, நாள்பட்ட வயிற்றுப்போக்கோ வந்துபோன சில நாட்களுக்குள் கருவிழி குழைந்து உருகியிருக்கும். உருகிய கருவிழியை எந்தக் கத்தியாலும் பழையபடி ஆக்க முடியாது. நாட்டின் திறமையான கண் டாக்டர்களில் ஒருவர் அந்தக் குழந்தைகளின் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது.

ஏன் அப்படி ஆகிறது? மணல்வாரியைத் தட்டம்மை என்றும் சொல்லுகிறோம். டாக்டர்கள் மீசில்ஸ் என்பார்கள். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண், பிறகு முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்ததுபோலத் தடிப்பு. பத்து நாளில் அடங்கிவிடும். வெளியே தெரியாமல் நடப்பதுதான் மோசம். உடம்பு ஈரலில் சேர்த்து வைத்திருக்கும் வைட்டமின் ஏ-யை அந்தக் காய்ச்சல் வேகமாகத் தீர்த்துவிடுகிறது. வாயெல்லாம் புண்ணாக இருப்பதால் பிள்ளை சாப்பிடாது. வயிற்றுப்போக்கு வந்தால் உள்ளே போனதும் ஒட்டாது. வைரஸ் கண்ணின் மேற்பரப்பையும் நேரடியாகத் தாக்குகிறது. முன்பே சத்துக் குறைந்த பிள்ளை என்றால் இத்தனையும் சேர்ந்து கண்ணைத் தாங்கவிடாது.

சத்து மெல்ல மெல்லக் குறையும்போது முதலில் வருவது மாலைக்கண். பொழுது சாய்ந்ததும் பிள்ளை தட்டுத் தடுமாறும், தட்டில் உள்ள சோற்றைத் துழாவும். அடுத்து வெள்ளை விழியில் சோப்பு நுரைபோல ஒரு திட்டு தெரியும். பிட்டாட் புள்ளி என்று அதற்குப் பெயர். பிறகு கண் வறளும், கருவிழி மங்கும், புண்ணாகும். அம்மை வந்த பிள்ளைக்கு இந்தப் படிகள் எல்லாம் வரிசையாக வராது. முந்தாநாள் நன்றாக இருந்த கண் இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

நம் வீட்டு வழக்கங்களையும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டுவோம், வெளியாளை உள்ளே விடமாட்டோம், பிள்ளையை வெளிச்சம் குறைந்த அறையில் படுக்கவைப்போம். இதில் நல்லது இருக்கிறது. தட்டம்மைபோல வேகமாக ஒட்டும் நோய் குறைவு. நோயாளி இருந்த அறையின் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம்வரை தங்கும். தடுப்பு இல்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்கு வரும். ஆகவே வேப்பிலையைப் பார்த்து ஆட்கள் விலகிப் போனது நல்லதே. ஆனால் அதே வீட்டில் தாளிப்பு கூடாது, எண்ணெய் கூடாது, கவிச்சி கூடாது, முட்டை கூடாது என்றும் வைத்தோம். வைட்டமின் ஏ கொழுப்பில் கரையும் சத்து. எண்ணெய் துளிகூட இல்லாவிட்டால் கீரையைக் கொடுத்தாலும் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. பிள்ளைக்கு அதிகம் தேவைப்பட்ட நாட்களில் நாம் அதை அடைத்து வைத்தோம். சிவந்த கண்ணில் இலைச்சாறும் தாய்ப்பாலும் விட்டவர்களும் உண்டு. அதனாலேயே புண் புரையோடிப் போன கண்கள் எத்தனையோ.

இன்னொன்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவோம். கண்ணும் நெஞ்சும் வயிறும் கெடுவது பெரும்பாலும் தடிப்பு வந்த நாட்களிலும் அதற்கடுத்த சில வாரங்களிலும்தான்.

வெங்கடசாமி என்ன செய்தார்? 1970-களின் தொடக்கத்தில் மதுரையில் கண் மருத்துவமனையோடு சேர்த்து ஒரு சத்துணவு மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். கண் டாக்டர் சமையற்கட்டைத் திறந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. இங்கிலாந்தின் ராயல் காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கம் உதவியது. அதைத் தோற்றுவித்த சர் ஜான் வில்சன் பன்னிரண்டு வயதில் பள்ளிச் சோதனைக்கூட விபத்தில் இரண்டு கண்களையும் இழந்தவர். 1965-இலிருந்து வெங்கடசாமிக்குப் பழக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் கண்ணைப் பற்றி ஆராய்ந்து ஓய்வுபெற்ற ஆன்டனெட் பிரி என்ற விஞ்ஞானி அம்மையாரும் தமிழ்நாட்டுக்கு வந்து இந்த வேலையில் கைகொடுத்தார்.

மையத்தில் குழந்தையோடு தாயும் தங்குவார். மருந்தாக வைட்டமின் ஏ கொடுத்துக் கண்ணைக் காப்பாற்றுவது முதல் வேலை. அது ஓரிரு நாளில் முடியும். மீதி நாட்கள் எல்லாம் தாய்க்கான பாடம். அதே ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பொருள், அதே அடுப்பு, அந்தக் குடும்பத்தின் வருமானத்துக்குள் அடங்கும் செலவு. கீரையை வேகவைத்து மசித்துப் பருப்போடு கொடுத்துக் குழந்தை தேறுவதைத் தாய் தன் கண்ணாலேயே பார்ப்பார். மருந்துச் சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தால் அடுத்த ஆண்டு அடுத்த பிள்ளை அதே வார்டுக்கு வந்திருக்கும். மையத்தின் அனுபவத்தை அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1976-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

வெங்கடசாமியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்து ஆஸ்பத்திரி நடத்தக் கற்றார் என்ற கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. ஹார்வர்டு மேலாண்மைப் பள்ளியில் 1993-இலிருந்து அவருடைய மருத்துவமனை பாடமாக இருப்பதையும் சொல்லுவார்கள். இரண்டும் பெருமைதான். ஆனால் என்னைக் கேட்டால், கத்தி பிடித்தே பெயர் வாங்கிய ஒருவர் கத்தியால் ஆகாத வேலை ஒன்று இருக்கிறது என்று உணர்ந்து கீரைச் சட்டியின் பக்கம் திரும்பினாரே, அதுதான் பெரிய விஷயம்.

1973-இல் பத்மஸ்ரீ. 1976-இல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, தங்கைகள், அவர்கள் குடும்பத்தார் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வசதி உள்ளவரிடம் கட்டணம், இல்லாதவருக்கு இலவசம். அரவிந்தர் மீது இருந்த பக்தியால் அந்தப் பெயர். 1985-இல் தேனி, 1988-இல் நம் திருநெல்வேலி என்று அது வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி பெரிதானபோதும் குழந்தைகளின் வேலை நிற்கவில்லை. அரவிந்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 6 மாதத்திலிருந்து 5 வயதுவரை உள்ள 15,419 குழந்தைகள். பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ. மீதிப் பேருக்கு அது இல்லாத சொட்டு. ஊர்ப் பணியாளர்கள் ஓராண்டு வாரம் தவறாமல் வீடு வீடாகப் போனார்கள். வைட்டமின் பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. 1990-இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கண்ணுக்கு என்று நினைத்த சத்து உயிரையே பிடித்து நிறுத்துகிறது. யோசித்தால் புரியும். கண்ணின் மேல்தோலைக் காக்கும் அதே சத்துத்தான் நுரையீரலின், குடலின் உள்தோலையும் காக்கிறது. கண் வறண்ட பிள்ளைக்கு உள்ளேயும் வேலி விழுந்திருக்கும். மணல்வாரிக்குப் பின் நிமோனியாவும் பேதியும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் டாக்டர் வெங்கடசாமி மறைந்த பிறகே தெளிவானது. ஒரு பிள்ளை பிறந்ததிலிருந்து சந்தித்த கிருமிகளை எல்லாம் உடம்பு நினைவில் வைத்திருக்கும். தட்டம்மை அந்த நினைவை அழித்துவிடுகிறது. தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, பழைய எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம்வரை காணாமல் போயிருந்தது. பரீட்சைக்குப் படித்த நோட்டை யாரோ தண்ணீரில் போட்டதுபோலத்தான். பழையபடி தேற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். அம்மை வந்த பிள்ளை அந்த வருஷம் முழுக்கச் சீக்காளியாகவே கிடக்கும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது வெறும் பேச்சில்லை.

காதில் சீழ் வைத்துக் கேட்கும் திறன் குறைவதும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று இருக்கிறது; அரிதானது, ஆனால் நம் நாட்டு நரம்பியல் டாக்டர்கள் இன்றும் பார்க்கிறார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் அம்மை வந்து முழுக்கத் தேறிய பிள்ளை. ஏழு, எட்டு ஆண்டுகள் கழித்துப் பாடம் மறக்கத் தொடங்கும். கை கால் திடீரென உதறும். நடக்கும்போது விழும். மூளையில் ஒளிந்திருந்த கிருமியின் வேலை அது. குணப்படுத்த மருந்து இல்லை. இரண்டு வயதுக்குள் அம்மை வந்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இத்தனைக்கும் வழி அடைப்பது ஓர் ஊசி. 1985-இலிருந்து நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி இருக்கிறது. இப்போது ரூபெல்லாவுக்கும் சேர்த்து, 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. முதல் ஊசியோடு ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ சொட்டு. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட், ஐந்து வயதுவரை மொத்தம் ஒன்பது தவணை. முதல் ஊசியைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறக்கும் வீடுகள் நிறைய. சொட்டு மருந்து கேட்கவே வேண்டாம். மூன்று வயதுக்கு மேல் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அப்படி விட்டுப்போன பிள்ளைகள் இப்போது வளர்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் ஊருக்கு எலுமிச்சையால் பெயர். ஆனால் எலுமிச்சையில் இருப்பது வைட்டமின் சி. கண்ணுக்கு வேண்டியது அதில் இல்லை. தோட்டத்து வேலியில் நிற்கும் முருங்கையிலும், பப்பாளியிலும், மஞ்சள் பூசணியிலும், சிறுகீரையிலும், முட்டையிலும் இருக்கிறது. நம் குடியிருப்பிலேயே நாலைந்து முருங்கை மரங்கள் நிற்கின்றன. கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கிக் கொடுங்கள்.

அம்மை வந்த பிள்ளையைக் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்போது அடுத்தடுத்த இரண்டு நாளும் வைட்டமின் ஏ கொடுப்பார்கள். வேப்பிலையும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் இதற்கும் சண்டை இல்லை. கண்ணில் எதையும் ஊற்ற வேண்டாம். பிள்ளை வெளிச்சத்துக்குக் கண்ணைத் திறக்காமல் அழுதாலோ, கருவிழி மங்கித் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டாக்டர் வெங்கடசாமி 87 வயதில், 2006 ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார். சத்துக்குறைவால் கருவிழி உருகிய குழந்தையை இன்றைய இளம் கண் டாக்டர்களில் பலர் புத்தகப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அவர் வேலை செய்த வார்டில் அது அன்றாடக் காட்சி.

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி நாள் புதன்கிழமை. பேரன் பேத்தியின் ஊசி அட்டை பீரோவில் எங்கேயாவது இருக்கும். இதைப் படித்து முடித்ததும் எடுத்து, இரண்டாவது தட்டம்மை ஊசிக்கு எதிரே தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.